தாண்டவராயன் மாஸ்டரின் வலது கை

"இந்தக் கை பட்ட சோத்தத் துன்னுட்டு எவனாவது ஒருத்தன் உவ்வேன்னு குனிஞ்சான்னு வெச்சிக்க, இந்தக் கைய மணிக்கட்டோட வெட்டி விழுப்புரம் ஜங்ஷன் தண்டவாளத்துல போட்டுட்டுப் பூட்றேன்!"

மேற்படி பிரகடனத்தைச் சமையல் மாஸ்டர் தாண்டவராயன் வெளியிட்டது, விழுப்புரத்தில் சுப்பராயலு வீட்டு வாசல் பந்தலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. மறுநாள் சுப்பராயலுவின் மகள் புனிதாவுக்கு வளைகாப்பு. மகள் வாழ்க்கைப்பட்டது திண்டிவனத்தில். பெண்வீட்டார் ஏழு வகைச் சாதம் கட்டிக்கொண்டு திண்டிவனம் போய், வளையல் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் சாதம் பரிமாறி, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு திரும்ப வேண்டும். ஆட்களுக்கு ஒரு பஸ், சாதத்துக்கு ஒரு வேன். "இவ்ளோ தூரம் போற சோறாச்சே, மதியானம் வரைக்கும் தாங்குமா மாஸ்டர்?" என்று சுப்பராயலு வாய் தவறிக் கேட்டுவிட்டார். அதற்குத்தான் அந்தப் பதில்.

பதில் சொல்லும்போது மாஸ்டர் தம் வலது கையை உயர்த்திக் காட்டினார். உயர்ந்த கையின் ஆள்காட்டி விரல், ஒரு எலுமிச்சம்பழத்தைத் தொப்பியாகப் போட்டிருந்தது. அதைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நகச்சுத்தி வந்தவர் விரலில் எலுமிச்சம்பழம் செருகிக்கொள்வது இந்தப் பக்கத்தில் நெற்றியில் விபூதி பூசிக்கொள்வது போல. பார்ப்பார்கள், போய்விடுவார்கள். பழம் போட்ட அந்த நிமிஷமே அது புண் என்ற கணக்கிலிருந்து நீங்கி, வைத்தியம் என்ற கணக்கில் சேர்ந்துவிடும்.

இப்படிப்பட்ட கையைப் பெற்ற மாஸ்டரின் வரலாற்றைச் சுருக்கமாகவாவது சொல்லாமல் மேலே போவது மரியாதையல்ல. கண்டாச்சிபுரத்துக்குப் பக்கத்தில் பிறந்தார். அண்டா தேய்க்கும் வேலையில் சேர்ந்து, காய் நறுக்கி, அடுப்புக்கு உயர்ந்து, கடைசியில் மாஸ்டர் என்ற பட்டத்தை அடைந்தார். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்துக்கு அன்னதானம் ஆக்கியிருக்கிறார். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே கூட்டேரிப்பட்டு வரைக்கும் அவர் ஆக்கிப்போடாத மண்டபம் இல்லை. இவ்வளவு காலத்தில் அவர் தாம் ஆக்கியதைத் தாமே சாப்பிட்டதில்லை. "வாசத்துலயே வயிறு ரொம்பிப் பூடும்" என்பார். அது அடக்கம் என்று ஊர் நினைத்தது. முன்யோசனையாகவும் இருக்கலாம்.

அவருடைய தொழில் உபகரணங்கள் மூன்று. முதலாவது வாய். குழம்பைக் கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் ஊற்றி நக்கி, உப்புப் பார்த்து, நக்கிய கையாலேயே கல்லுப்பை அள்ளிப் போடுவார். இரண்டாவது துண்டு. காலையில் அது கழுத்து வியர்வையைத் துடைக்கும். கொஞ்ச நேரத்தில் மூக்கைத் துடைக்கும். அதற்கப்புறம் தட்டுகளைத் துடைக்கும். தேவைப்பட்டால் வடித்த கஞ்சியை வடிகட்டவும் செய்யும். அந்தத் துண்டு ஆரம்பத்தில் இன்ன நிறம் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர் மனைவி முனியம்மாள். அவளும் இப்போது உறுதியாகச் சொல்வதில்லை.

மூன்றாவது வலது கை. மற்ற சாதங்களைக் கரண்டியால் கிளறினாலும் தயிர்சாதத்துக்கு மட்டும் கரண்டியை அண்ட விடமாட்டார். "கரண்டி போட்டா சோறு ஒடையும். கை போட்டாதான் கொழையும்" என்பது அவர் சித்தாந்தம். ஊரும் அதை ஒப்புக்கொண்டிருந்தது. தாண்டவராயன் கை விட்டுப் பிசைந்த தயிர்சாதம் இல்லாவிட்டால் விசேஷத்தை விசேஷம் என்றே ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு இருதயமேரி சைக்கிளில் பாலும் தயிரும் கொண்டுவந்து பந்தலில் இறக்கினாள். இரண்டு மாடு வைத்துக்கொண்டு நாற்பது வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவள். கைம்பெண். கேனையும் குடத்தையும் வெந்நீர் ஊற்றிக் கழுவி வெயிலில் கவிழ்த்த பிறகுதான் அடுத்த வேலை பார்ப்பாள். இந்த விவரம் கதைக்கு முக்கியம். ஆனால் ஊரில் யாருக்கும் முக்கியமாகப் படவில்லை.

மாஸ்டர் குழைய வெந்த சோற்றை அண்டாவில் கொட்டி மசித்தார். மத்தியானத்துக்குள் புளித்துவிடக் கூடாது என்பதற்காகப் பாலை ஒரு குடம் ஊற்றி, தயிரை ஒரே ஒரு சொம்பு விட்டார். பிறகு பிசைவதற்காக எலுமிச்சம்பழத்தை விரலிலிருந்து கழற்றினார். சுத்தம் விஷயத்தில் மாஸ்டர் கறாரானவர். பழத்தோடு ஒரு நாளும் கையை உள்ளே விடமாட்டார்.

பழம் போனதும் விரல் தெரிந்தது. வெந்த சேப்பங்கிழங்கு மாதிரி ஊதி, பளபளவென்று, நகத்தின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கண் திறந்திருந்தது.

"மாஸ்டரண்ணே, வெரலு இன்னா இப்டி வீங்கிக்கினு கீது? டாக்டராண்ட காட்டக் கூடாதா?" என்றாள் மேரி.

"பழம் போட்டிருக்கேன் இல்ல, இழுத்துரும். நீ ஜல்தியா அந்தக் கேன கவுத்துட்டுக் கெளம்பு."

"அந்தக் கையாலயா பெசையப் போறீங்க?"

"பின்ன, உன் கையாலயா பெசைவாங்க?" என்று மாஸ்டர் சிரித்தார். பந்தலில் இருந்தவர்களும் சிரித்தார்கள். மேரி சிரிக்கவில்லை. அந்தக் கேனை அங்கேயே வைத்துவிட்டு, சைக்கிளில் இருந்த மீதிப் பாலோடு மற்ற வீடுகளுக்கு ஊற்றப் போய்விட்டாள்.

கை அண்டாவுக்குள் முழங்கைவரை இறங்கியது. பாலும் சோறும் வெதுவெதுப்பாக விரலுக்கு ஒத்தடம் கொடுத்தன. மாஸ்டர் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் பிசைந்தார். உள்ளே போகும்போது திறந்திருந்த அந்த மஞ்சள் கண், கை வெளியே வந்தபோது வடிந்து மூடியிருந்தது. வலியும் குறைந்திருந்தது. உள்ளே இருந்தது எங்கே போயிற்று என்று கேட்கிறவர்கள் இந்தப் பத்தியைச் சாப்பாட்டுக்கு முன்னால் படித்திருக்கக் கூடாது.

மாஸ்டர் கையை உதறி, துண்டில் துடைத்து, பழத்தை மறுபடி செருகிக்கொண்டார். ஒரு தூக்கு நிறைய தயிர்சாதத்தை வழக்கம்போல முனியம்மாளுக்குக் கொடுத்தனுப்பினார். அண்டாவின் வாயில் வாழையிலை போட்டு, தட்டு மூடி, மேலே சாக்கு போர்த்தி, கயிற்றால் இறுக்கிக் கட்டி வேனில் ஏற்றினார்கள். சாக்கு போர்த்தினால் சூடு நிற்கும், சூடு நின்றால் சோறு கெடாது என்பது ஐதீகம். கொதிக்கிற சூடு அல்ல, கோழி முட்டையை அடைகாக்கிற சூடு. ஏழரை மணி நேரம், வைகாசி வெயிலில், அண்டா பொறுமையாக அடைகாத்தது.

திண்டிவனத்தில் ஒரு மணிக்குப் பந்தி. புனிதாவின் இரண்டு கையிலும் முழங்கைவரை வளையல் ஏறியிருந்தது. புளி, எலுமிச்சை, தேங்காய், தக்காளி, எள்ளு, சர்க்கரைப் பொங்கல் எல்லாம் வரிசையாக இலையில் விழுந்தன. கடைசியில் தயிர்சாதம் வந்ததும் பந்தியே நிமிர்ந்து உட்கார்ந்தது. "இதாண்டா சோறு! மாஸ்டர் கையிலே இன்னாவோ கீதுடா!" என்றார் சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர். அவ்வளவு துல்லியமாக உண்மையைச் சொன்னவர் அன்றைக்கு அவர் ஒருவர்தான்.

மூன்று மணிக்கு பஸ் விழுப்புரத்துக்குக் கிளம்பியது. கூட்டேரிப்பட்டு தாண்டியதும் பின்சீட்டில் ஒரு அத்தைக்கு வாயில் எச்சில் ஊறியது. "ஏசி இல்லாத பஸ்ஸு, அதான்" என்று எலுமிச்சம்பழம் ஒன்றை மோந்து பார்க்கக் கொடுத்தார்கள். அடுத்த சீட்டில் ஒருத்தி ஜன்னல் பக்கம் திரும்பினாள். அதற்கடுத்தவளுக்கு ஜன்னல் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை வர்ணிப்பது நாகரிகமல்ல. ஆகவே கொஞ்சம் மட்டும். ஏழு வகைச் சாதமும் போன வழியே திரும்பி வந்தன. கடைசியாகப் போனது முதலில் வந்தது. மஞ்சள், சிவப்பு, எள்ளுக் கறுப்பு எல்லாம் அதன் பின்னால் முறைப்படி வந்தன. வளைகாப்புக்குப் போன பெண்களானதால் ஆளுக்கு இரண்டு கையும் வளையல். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அவர்கள் வாந்தி எடுக்க, வளையலெல்லாம் கலகலவென்று ஒலித்தன. தாம்பூலப் பையிலிருந்த வெற்றிலையைக் கொட்டிவிட்டுப் பையை வாய்க்கு நேரே பிடித்தவர்கள் புத்திசாலிகள். தேங்காயைக் கொட்ட மறந்தவர்கள் அந்தத் தேங்காயை வீட்டுக்கும் கொண்டுபோகவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டை பஸ் நெருங்கியபோது வயிறு கீழ்ப்பக்கமும் பேச ஆரம்பித்திருந்தது. பஸ்ஸை ஓரம் கட்டினார்கள். பட்டுப்புடவைகள் கருவேல முள்ளுக்குள் ஓடின. திரும்பி வந்தவர்கள் யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலுமாக நாற்பத்து மூன்று பேருக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறியது. புனிதாவுக்கும் ஏறியது. வளையலைக் கழற்றினால்தான் ஊசி போட இடம் கிடைக்கும் என்று நர்ஸ் சொல்ல, கழற்றக் கூடாது என்று அவள் அம்மா அழ, முழங்கைக்கு மேலே நரம்பு தேடினார்கள். இரவுக்குள் வாந்தி நின்றது. வயிற்றுக் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் சுப்பராயலுவுக்கு மூச்சு வந்தது. மூச்சோடு கோபமும் வந்தது.

புளிசாதத்தோடு எழுந்துவிட்ட பஸ் டிரைவருக்கு ஒன்றுமில்லை. சளிக்குப் பயந்து தயிர்சாதம் வேண்டாமென்ற இரண்டு கிழவர்களுக்கும் ஒன்றுமில்லை. ஆக, குற்றவாளி தயிர்சாதம். தயிர்சாதத்தில் இருப்பது தயிர். தயிர் யாருடையது? மேரியுடையது. ஊர் போட்ட கணக்கில் எல்லாப் படியும் சரியாக இருந்தது, விடை மட்டும் தப்பு.

செவ்வாய்க்கிழமை காலை பால் ஊற்ற வந்த மேரியைச் சுப்பராயலு கேட்டிலேயே நிறுத்தினார்.

"இன்னாத்த கலந்து குடுத்த? மாசமா இருக்கிற பொண்ணு, தெரியுமா உனக்கு?"

"அய்யா, அதே தயிரத்தான் நாப்பது வூட்டுக்கும் ஊத்துனேன். யாருக்காவது எதாவது ஆச்சா? நீங்க மாஸ்டரு வெரல மொதல்ல பாருங்க. நான் அப்பவே கேட்டேன்."

"உன் தயிரு கெட்டுப் போச்சின்னு மாஸ்டர் கை மேல பழி போட்றியா? என் கல்யாணத்துக்கே ஆக்கிப் போட்ட கை அது! போ போ, இனிமே இந்தப் பக்கம் பால எடுத்துக்கினு வராத."

அன்று மத்தியானத்துக்குள் நாற்பது வீட்டிலும் பால் வேண்டாமென்றாகிவிட்டது. அவள் தெருவிலிருந்து பால் வாங்குவதா என்று ஆரம்பத்திலிருந்தே உள்ளுக்குள் முகம் சுளித்துக்கொண்டிருந்த சில வீடுகளுக்கு, வெளிப்படையாகச் சுளிக்க நல்ல காரணம் கிடைத்தது. கறந்த பால் சாக்கடையில் போயிற்று. தீவனத்துக்கு வழியில்லாமல், செவலைப் பசுவையாவது விற்றுவிடலாம் என்று மேரி முடிவு செய்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டிக்கொண்டு போவதாக மாட்டுத் தரகன் சொல்லிவிட்டான்.

புதன்கிழமை சுகாதார ஆய்வாளர் சீனுவாசன், சுப்பராயலு வீட்டுக்கு வந்தார். தயிர்சாதத்தைக் குழி தோண்டிப் புதைத்தாகிவிட்டது. மேரியின் தயிர்க்குடத்தின் அடியில் மிச்சமிருந்ததை மட்டும் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டார். முடிவு வர பத்து நாள் ஆகும் என்றார். பிறகு மாஸ்டரைக் கூப்பிட்டார்.

"கையில புண்ணு, கட்டி, சீழு ஏதாவது இருந்துச்சா?"

மாஸ்டரின் வலது கை துண்டுக்குள் இருந்தது. இடது கையை நீட்டி இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார். "சுத்தம் சார்."

"மாஸ்டர் கையப் போயி சந்தேகப்பட்றீங்களே சார்!" என்று சுப்பராயலு பதறினார். எலுமிச்சம்பழத்தை அந்த வீட்டில் எல்லோருமே பார்த்திருந்தார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. புண்ணைத்தானே கேட்டார், பழத்தைக் கேட்கவில்லையே. நாற்பத்து மூன்று பேர் வீட்டுக்கும் போக வேண்டியிருந்த சீனுவாசன், 'புண் இல்லை' என்று எழுதிக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "சாப்ட்டு ரெண்டு மூணு மணி நேரத்துல வாந்தின்னா, பெரும்பாலும் கைப் புண்ணு கிருமிதாங்க. சோத்துல ஒக்காந்து வெஷத்த கக்கி வெச்சிரும். அப்புறம் அந்தச் சோத்தக் கொதிக்க வெச்சாக்கூட வெஷம் போவாது."

மாஸ்டர் துண்டுக்குள் விரலை மடக்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து மாஸ்டரின் வீட்டில் சமாதானம் இல்லை. தூக்கில் வந்த தயிர்சாதத்தைத் தின்று திங்கட்கிழமை சாயங்காலம் முழுக்க வாசல் சாக்கடையை விட்டு நகராமல் இருந்தவள் முனியம்மாள். நாற்பத்து மூன்று பேர் கணக்கில் சேராத நாற்பத்து நாலாவது ஆள். மாஸ்டர்தான் ஆஸ்பத்திரிக்குப் போகவிடவில்லை, "பேரு கெட்டுப் பூடும்" என்று. வெள்ளிக்கிழமை அவர் எலுமிச்சம்பழம் கேட்டபோது அவள் வாயைத் திறந்தாள்.

"பழம் கெடையாது. ஊறுகா போட வெச்சிருக்கேன்."

"ஒன்னு குடு முனியம்மா, வெரலு திரும்ப தெறிக்குது."

"யோவ், ஒன்னு கேக்கறேன், பதில் சொல்லு. திங்கக்கெழம காலையில கேப்பங்கூழுல நான் எந்தத் தயிர கரைச்சிக் குடிச்சேன்?"

"மேரி தயிரு."

"அண்டாவுக்கு ஊத்துன அதே தயிருதானே? வர்ற வழியில எனக்கு ஒரு சொம்பு ஊத்திட்டுத்தானே பந்தலுக்கு வந்தா. சட்டி நெறைய குடிச்சேன். இன்னா ஆச்சி எனக்கு? ஒன்னும் ஆவல. மத்தியானம் உன் சோத்தத் துன்னேன். கொடலு வெளிய வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சி. நடுவுல இன்னாய்யா சேந்துது? தயிரா? உன் வெரலா?"

மாஸ்டர் விரலைத் துண்டில் சுற்றிக்கொண்டார். "அதுக்கு இன்னா பண்ண சொல்ற? நானே போயி சொன்னா ஒருத்தன் என்னைய அடுப்பாண்ட விடுவானா?" என்றார்.

"விடமாட்டான். அவ மாட்ட மட்டும் ஓட்டிக்கினு போவலாமா? அந்தம்மா ஒருத்திதான் உன் வெரலப் பாத்து டாக்டராண்ட போன்னு சொன்னா. கட்டுன பொண்டாட்டி நானே சொல்லல. பழத்தக் குடுத்தேன்." அவள் முறத்திலிருந்து ஒரு பழத்தை எடுத்து அவர் மடியில் வீசினாள். "இந்தா, போட்டுக்க. போட்டுக்கினு அடுத்த வூட்டு வளைகாப்புக்குப் போ."

மாஸ்டர் பழத்தை ஓட்டை போட்டு விரலில் செருகிக்கொண்டார். அன்றிரவு அவர் வீட்டிலும் சாப்பிடவில்லை. வாசத்தில் வயிறு நிறைந்ததாகவும் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை சீனுவாசன், புனிதாவின் உடம்பு எப்படி என்று பார்க்க மறுபடி வந்திருந்தார். பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. பிளாஸ்டிக் மேசை ஒன்றைப் போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். வளைகாப்பன்று விட்டுப்போன தன் பால்கேனை எடுத்துப்போக மேரியும் வந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் சுப்பராயலு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கேன எடுத்துக்கினு போய்க்கினே இரு."

"போறேன் அய்யா. நாளைக்கு மாடு போவுது. கேனு மட்டும் இங்க எதுக்கு?"

அப்போது தாண்டவராயன் மாஸ்டர் பந்தலுக்குள் வந்தார். தோளில் துண்டு இல்லை. இத்தனை வருஷத்தில் துண்டு இல்லாத மாஸ்டரைச் சுப்பராயலு பார்த்ததில்லை.

"வாங்க மாஸ்டர், ஒக்காருங்க."

மாஸ்டர் உட்காரவில்லை. நேராக மேசைக்குப் போனார்.

"சார், அன்னிக்கு நீங்க கேட்டப்ப நான் எடது கையக் காட்டுனேன்."

சீனுவாசன் பேனாவை மூடினார். "ஆமா."

"சோத்தப் பெசஞ்சது இது."

பழத்தைக் கழற்றினார். 'ப்ளக்' என்று ஒரு சத்தம். புளித்த எலுமிச்சையும் அழுகலும் கலந்த ஒரு வாடை பந்தல் முழுக்கப் பரவியது. சுப்பராயலு இரண்டடி பின்னால் போனார். திங்கட்கிழமை தாம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அவருக்கு இப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"எத்தினி நாளா இருக்குது?" என்று கேட்டார் சீனுவாசன்.

"வளைகாப்புக்கு நாலு நாள் முன்ன இருந்து சார். அன்னிக்கு உள்ள விட்டப்ப ஒடைஞ்சிடிச்சி. அந்தம்மா தயிருல ஒன்னுமில்ல சார். என் பொண்டாட்டியும் அதத்தான் குடிச்சா. எழுதிக்குங்க."

சீனுவாசன் பையிலிருந்து கண்ணாடிக் குழாயையும் பஞ்சு சுற்றிய குச்சியையும் எடுத்தார். மேரி கையிலெடுத்த கேனைக் கீழே வைத்தாள்.

"மேரி..." என்று சுப்பராயலு ஆரம்பித்தார். "நாளைக்குக் காலையில பாலு..."

"மொதல்ல அந்தத் தரகனுக்கு ஒரு போனப் போட்டு வரவேணாம்னு சொல்லுங்க அய்யா. பால அப்பறம் பேசிக்கலாம்."

சுப்பராயலு போனைத் தேடிக்கொண்டு உள்ளே போனார். மாஸ்டருக்குக் கழற்றின பழத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மேசையில் வைக்கப் போனார். சீனுவாசன் வேண்டாமென்று தலையாட்டினார். பந்தல் தரையில் போடவும் மனசு வரவில்லை. கடைசியில் இடது கையிலேயே பிடித்துக்கொண்டார். பஞ்சு விரலைத் தொட்டபோது தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். வலது கை மேசை மேல் கிடந்தது, மணிக்கட்டு வரைக்கும்.